சூரியன் ஏறியதா, பிரீஆம்ப் தேறியதா?

கேள்வி: நிலவில் பட்டுத் திரும்பும் அமெச்சூர் ரேடியோ சிக்னல்களைக் கேட்க, 1296 மெகாஹெர்ட்ஸில் 3 மீட்டர் டிஷ் போட்டிருக்கிறேன். இப்போதைக்குக் கேட்பது மட்டும்தான். போன மாதம் சூரியன் பக்கம் திருப்பியபோது நாய்ஸ் 11 டெசிபல் ஏறியது. பிரீஆம்பை (வரும் சிக்னலை முதலில் பெருக்கும் சிறு கருவி) மாற்றினேன், இப்போது 13. அந்த 2 டெசிபலும் புது பிரீஆம்ப் தந்ததுதானே?

பதில்: பழையதை அதற்குள் யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். சூரியனின் ரேடியோ வெளிச்சம் நாளுக்கு நாள் மாறும், கரும்புள்ளிகள் பெருகிய மாதத்தில் 2 டெசிபல் தானாகவே ஏறலாம். கனடாவின் பென்டிக்டன் நிலையம் தினமும் அளந்து வெளியிடும் எண் 2800 மெகாஹெர்ட்ஸுக்கு உரியது, உங்களுக்கு ஆஸ்திரேலியாவின் லியர்மந்த் தரும் 1415 மெகாஹெர்ட்ஸ் அளவுதான் நெருக்கம். முதலில் அந்த இரண்டு நாட்களின் எண்களை எடுத்து ஒப்பிடுங்கள்.

சரி, பிரீஆம்பை மட்டும் எப்படிச் சோதிப்பது? சூரியனை விட்டுவிட்டு, டிஷ்ஷை ஒரு முறை சிம்மம் அல்லது கும்ப ராசிப் பக்கம் காட்டுங்கள் (ஜோசியம் இல்லை, வானத்தில் அங்கே நாய்ஸ் குறைவு), அப்புறம் பக்கத்து வீட்டுச் சுவரோ அடர்ந்த தோப்போ பார்வையை முழுக்க அடைக்கும்படி திருப்புங்கள், இரண்டிலும் நாய்ஸை அளந்து ஒப்பிடுங்கள். நாய்ஸை வெப்பநிலையாகவே கணக்கிடலாம்: சுவர் சுமார் 290 கெல்வின். வானமும் டிஷ் ஓரம் வழியே கசியும் தரைச் சூடும் சேர்ந்து 40, பிரீஆம்ப் 30 என்று வைத்தால் சுவருக்கு 320, வானத்துக்கு 70, இரண்டுக்கும் வித்தியாசம் 6.6 டெசிபல். இதில் டிஷ்ஷின் கெயினுக்கு (சிக்னலைக் குவிக்கும் திறனுக்கு) வேலையே இல்லை, சூரியனுக்கும் இல்லை. பிரீஆம்புக்கு முன்னால் 1 டெசிபல் தின்னும் கேபிள் இருந்தால் இதே கணக்கு 4.2-க்கு விழுந்துவிடும்.

என் வீட்டில் ஒரு மழைக்காலத்தில் அப்படித்தான் விழுந்தது. பிரீஆம்ப் செத்துவிட்டது என்று புலம்பிக்கொண்டே ஃபீடுக்கும் (டிஷ்ஷின் குவியத்தில் சிக்னலை வாங்கும் சிறு ஆன்டெனா) அதற்கும் நடுவே இருந்த கனெக்டரைக் கழற்றினேன், இரண்டு சொட்டுத் தண்ணீர் உள்ளங்கையில் விழுந்தது.

அளக்கும்போது ஏஜிசியை (ரிசீவர் தானாகவே கெயினைக் கூட்டிக் குறைக்கும் வசதி) அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அது ஏற்றத்தையெல்லாம் அமுக்கிவிட்டு உங்களுக்குப் பொய் எண் காட்டும். எஸ்டிஆர் (மென்பொருளில் இயங்கும் ரிசீவர்) என்றால் அகலமான பட்டையில் சில விநாடி சராசரி எடுங்கள், முள் ஆடாது. நிலவின் சொந்த நாய்ஸை இந்த டிஷ்ஷில் தேட வேண்டாம், 0.1 டெசிபல்கூட வராது.

சுவர் அளவை இரண்டு பிரீஆம்பிலும் எடுத்துப் பாருங்கள். வித்தியாசமே இல்லை, லியர்மந்த் கணக்கைக் கழித்த பிறகும் சூரியன் மட்டும் கூடித் தெரிகிறது என்றால், பிரீஆம்பை மாட்டும்போது ஃபீட் கொஞ்சம் நகர்ந்து குவியத்துக்குச் சரியாக வந்து உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் அது இப்போது இருக்கும் இடத்தை மார்க்கரால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.