காரின் முன்னிருக்கை

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,
கிளிநொச்சியில் ஓர் இசைக்குழுவில் சாக்ஸபோன் வாசிக்கிறேன். ஜாஸ் இசை அமைக்க வேண்டும் என்பது என் ஆசை. திருவிழாக்காலம் முழுவதும் வற்றாப்பளை, புளியங்குளம் என்று வேன் பயணத்திலேயே கழிகிறது, எழுத நேரமில்லை. குழுவை விட்டுக் கொழும்புக்குப் போய் முறையாகப் படிக்கலாமா?
க.

அன்புள்ள தம்பிக்கு,
கொழும்புக்குப் போவதைப் பற்றி உங்கள் வீட்டு வரவுசெலவு தெரிந்தவர்களிடம் கேளுங்கள். அலைச்சலால் இசை கெடுகிறது என்ற தொனிதான் எனக்குக் கோபமூட்டியது. சில வாரங்களாக அமெரிக்க ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டனையே கேட்டுக்கொண்டிருப்பவன் நான்.

ஏறக்குறைய 50 ஆண்டுகள் ஒரே குழுவோடு ஊர் ஊராகத் திரிந்தவர் அவர். 1927இல் 17 வயதில் வந்து சேர்ந்த பரிடோன் சாக்ஸபோன் கலைஞர் ஹாரி கார்னி, 1974 மே மாதம் எலிங்டன் இறக்கும்வரை விலகவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் தாமும் போய்ச் சேர்ந்தார். கச்சேரிக்குக் கச்சேரி கார்னி தமது காரை ஓட்ட, முன்னிருக்கையில் எலிங்டன் வழி பார்த்தபடி இசையை யோசித்துக்கொண்டு வருவார். வாசிப்பவருக்கான தாளில் வாத்தியத்தின் பெயருக்குப் பதிலாக அந்த ஆளின் பெயரையே எழுதும் வழக்கம் அவருக்கு இருந்தது. இன்னாருடைய மூச்சு எவ்வளவு நீளும், எந்தச் சுரத்தில் கரகரக்கும் என்பது இரவிரவாகக் கூடப் பயணித்தவருக்கல்லவா தெரியும்? பாடல்களின் உரிமைப்பணத்தைப் போட்டே அந்தக் குழுவைக் கலையாமல் காத்தார். நீங்களோ உதறிவிட்டுப் போக வழி கேட்கிறீர்கள். 1963இல் டமாஸ்கஸில் தொடங்கிக் கொழும்பு வரைக்கும் வந்துபோன பயணத்தை மனதில் ஊறவைத்து, தம் கூட்டு இசையமைப்பாளர் பில்லி ஸ்ட்ரேஹார்னோடு சேர்ந்து அமைத்த இசைத்தொகுதி 1967இல்தான் வெளியானது. உங்களுக்கு ஒரு திருவிழாக்காலம் பொறுக்கவில்லை.

சிறுவயதில் அப்பாவோடு யாழ்ப்பாணத்திலிருந்து மாங்குளத்துக்குத் திரும்பிய பஸ்ஸில், எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வந்த மேளகாரரும் இருந்தார்கள். முறிகண்டியில் பஸ் நிற்க, எல்லோரும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க இறங்கினோம். கச்சான் சரையோடு நான் திரும்பியபோது, தவில்காரர் மட்டும் இறங்காமல் முன்னிருக்கைக் கம்பியில் ஒரு தாளச் சொல்லைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சீவாளியை உதட்டில் நனைத்தபடி ஏறிவந்த நாதஸ்வரப் பெரியவர், கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “இரவைக்கு மூன்றாம் மூலையில் போடும், நான் வழிவிடுகிறேன்” என்றார். அன்றிரவு சுவாமி வெளிவீதி வந்தபோது, பெரியவர் வாத்தியத்தை உதட்டிலிருந்து எடுத்த அதே மூலையில் அந்தச் சொல் விழுந்தது. பஸ்ஸில் கொறித்து மிஞ்சிய கச்சான் அப்போதும் என் சட்டைப்பையில் இருந்தது.