ஆட்டிசம் உள்ள மகளுக்கு பி.காம். சீட்டா, தனியே வாழும் பயிற்சியா?

மதுரையிலிருந்து ஒரு பெற்றோர் மகளோடு வந்திருந்தார்கள். மகளுக்கு 19 வயது, ஆட்டிசம். திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டாள். தனியார் கல்லூரி ஒன்றில் பி.காம். சீட்டுக்குப் பெரியப்பா பேசி வைத்திருக்கிறார். டிகிரி இருந்தால்தான் நாலு பேர் மதிப்பார்கள் என்பது அவர் வாதம். அம்மாவின் கவலையோ வேறு. "எங்களுக்கு அப்புறம் இவளை யார் பார்த்துக்குவாங்க?"

அம்மா, கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிடலாம். அதனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. அந்தச் சீட்டை வாங்க வேண்டாம். ஆட்டிசம் உள்ளவர்கள் பட்டம் வாங்குகிறார்கள், நல்ல வேலையிலும் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் மகள் கல்லூரிப் பேச்சை எடுத்ததுமே காதைப் பொத்திக்கொண்டாள். துணி மடித்து அளவு வாரியாக அடுக்குவதைப் பற்றிக் கேட்டபோது நிமிர்ந்து உட்கார்ந்து பேசினாள். அவள் பதில் சொல்லிவிட்டாள். நீங்கள் கேட்ட கேள்விக்கும் பி.காம். விடை தராது. இன்றைக்கும் நீங்கள்தான் தலை வாரிவிடுகிறீர்கள், நீங்கள் பக்கத்தில் இல்லாமல் அவள் ஓர் இரவுகூடத் தூங்கியதில்லை. கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்கிற அத்தையிடம், இது சரியாக வேண்டிய நோய் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

நான் சொல்லும் வழியை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். பெரியவர்களான ஆட்டிசம் உள்ளவர்கள் சிலர் சேர்ந்து தங்கி, உதவியாளர்கள் துணையோடு தங்கள் வேலைகளைத் தாங்களே செய்யப் பழகும் இல்லம். "பொண்ணை ஹோமில் விட்டுட்டாங்க" என்று ஊர் பேசும்தான். ஆனால் நீங்கள் தெம்பாக இருக்கும்போதே அவள் பழக வேண்டும். உங்களுக்கு ஏதாவது ஆன பிறகு, துக்கத்தோடும் பயத்தோடும் ஒரே நாளில் புது இடத்துக்குப் போனால் அவளால் தாங்க முடியாது.

எப்படித் தொடங்குவது? முதலில் ஒரு மதியம் மட்டும். அப்புறம் ஓர் இரவு, சனி ஞாயிறு, பிறகு ஒரு மாதம். அவளுடைய தலையணையும் போர்வையும் கூடவே போகட்டும். திரும்பும் நாளைக் காலண்டரில் படமாக ஒட்டிக் காட்டுங்கள். எப்போது வீட்டுக்குப் போவோம் என்று தெரியாமல் இருப்பதுதான் அவளை அதிகம் கலங்கடிக்கும்.

நல்ல இல்லத்தில் கற்றுக்கொடுக்கும் விதமே வேறு. தோசை சுட வேண்டுமென்றால் எல்லாவற்றையும் உதவியாளர் செய்து, தட்டில் எடுத்து வைப்பதை மட்டும் அவளிடம் விடுவார். அது பழகியதும் திருப்பிப் போடுவது, அதன் பிறகு மாவு ஊற்றுவது என்று கடைசிப் படியிலிருந்து பின்னோக்கி வருவார்கள். ஒவ்வொரு முறையும் முழுத் தோசையை முடித்த நிறைவு அவளுக்குக் கிடைக்கும். உதவியும் குறைந்துகொண்டே வரும்: முதலில் கையைப் பிடித்து, பிறகு விரலால் காட்டி, கடைசியில் பேசாமல் நின்று. இந்தப் பேசாமல் நிற்பதுதான் பெற்றோருக்கு வருவதில்லை. குளிப்பது, நாப்கின் மாற்றுவது, யார் எங்கே தொடலாம் தொடக்கூடாது, பஸ்ஸில் எந்த நிறுத்தத்தில் இறங்குவது எல்லாமே இதே முறையில்தான். துணி மடிப்பதில் அவளுக்கு இருக்கும் ஆர்வம் ஒரு சலவைக் கடையிலோ துணிக்கடையிலோ வேலையாக மாறலாம். குக்கர் விசிலுக்குப் பயப்படுகிறாள் என்றால், அது அடங்கும் வரை வேறு அறையில் இருக்கட்டும்.

இல்லத்தைப் பார்க்கப் போகும்போது பளபளக்கும் தரையைப் பார்த்து மயங்காதீர்கள். நேராகச் சமையலறைக்குப் போங்கள். அங்கே தங்கியிருப்பவர்கள் யாராவது காய் நறுக்குகிறார்களா, அல்லது எல்லோரும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்களா? இரவில் பெண் உதவியாளர் எத்தனை பேர் என்று கேளுங்கள். யாராவது கூச்சல் போட்டு, தன்னையே அடித்துக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பூட்டி வைப்போம், மாத்திரை கொடுத்துத் தூங்க வைப்போம் என்று பதில் வந்தால் அந்த நிமிடமே கிளம்பிவிடுங்கள். சொல்லாமல் வந்து பார்க்கலாமா என்பதற்குத் தயக்கமில்லாத பதில் வேண்டும். 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இல்லத்துக்குப் பதிவுச் சான்றிதழ் கட்டாயம். அதையும் வாங்கிப் பாருங்கள்.

பணத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். வாழ்நாள் முழுவதும் பார்த்துக்கொள்கிறோம் என்று மொத்தமாகப் பல லட்சம் கேட்கும் இடத்துக்கு இப்போது கொடுக்காதீர்கள். மாதக் கட்டணம் மட்டும், ரசீதோடு. வீட்டை அடமானம் வைக்கவே கூடாது, அவள் தம்பிக்கும் அந்த வீடுதான். ஆட்டிசம் போன்ற குறைபாடுகள் உள்ளவர்களுக்காக மத்திய அரசு அமைத்த தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு, சேர்த்துவிடுங்கள். மகளுக்கு 18 வயது தாண்டிவிட்டதால் சட்டப்படி நீங்கள் தானாகக் காப்பாளர், அதாவது அவள் சார்பில் முடிவெடுக்கும் உரிமை உள்ளவர், ஆகமாட்டீர்கள். 1999 ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், ஆட்சியர் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். காப்பாளர் ஆன பிறகும் அவளைக் கேட்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

முன்பணம் கட்டக் கடைசித் தேதி நெருங்குகிறது என்று பெரியப்பா அவசரப்படுத்துவார். அவர் அவசரப்படட்டும். இல்லங்களைப் பார்க்கப் போகும்போது மகளையும் கூட்டிப்போங்கள். அவள் உள்ளே வர மறுக்கும் இடம் எவ்வளவு பெயர்பெற்றதாக இருந்தாலும் அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.