எந்தப் படத்துக்குத் தியேட்டர், எந்தப் படத்துக்கு சோபா?

தீபாவளிப் படங்கள் நெருங்குகின்றன போலும். இம்முறை சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகள் பெரும்பாலும் சினிமாவைச் சுற்றியே இருக்கின்றன. நான் விமர்சகன் அல்லன். கேமரா கோணமும் தெரியாது, திரைக்கதை இலக்கணமும் தெரியாது. காசு கொடுத்துப் படம் பார்க்கிறவன், கொடுத்த காசைப் பற்றி யோசிக்கிறவன். அந்தத் தகுதியில்தான் பதில்கள்.

கேள்வி: போன மாதம் குடும்பமாக நான்கு பேர் ஒரு தமிழ்ப் படத்துக்குப் போனோம். சீட்டு, முன்பதிவுக் கட்டணம், பாப்கார்ன், குளிர்பானம் எல்லாம் சேர்த்து 90 வெள்ளியைத் தாண்டிவிட்டது. இந்த வாரம் அதே படம் நெட்ஃபிளிக்ஸில் வந்து நிற்கிறது. "இனி நல்ல படத்துக்கு மட்டும் போவோம்" என்கிறார் என் கணவர். எந்தப் படத்துக்குத் தியேட்டருக்குப் போனால் காசுக்கு மதிப்பு? (ஈசூன் வாசகி)

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நல்ல படம் சோபாவில் சாய்ந்துகொண்டு பார்த்தாலும் நல்ல படம்தான். 'ஜெய் பீம்' 2021 நவம்பரில் தியேட்டருக்கே வராமல் நேராக அமேசான் பிரைமில் வந்தது. அந்த ஆண்டு என்னை அவ்வளவு உலுக்கிய படம் வேறில்லை. பார்த்தது வீட்டுத் தொலைக்காட்சியில்தான். ஆகவே படம் நல்லதா என்று கேட்காதீர்கள். வீட்டில் பார்த்தால் இதில் எவ்வளவு குறையும் என்று கேளுங்கள். நிறையக் குறையும் என்றால் சுமாரான படத்துக்குக்கூட 15 வெள்ளி கொடுக்கலாம்.

பெரிய நாயகர் படங்களை எடுத்துக்கொள்வோம். இவற்றில் நாம் காசு கொடுத்து வாங்குவது பாதி திரையில் இருக்கிறது, மீதி பக்கத்து நாற்காலிகளில் இருக்கிறது. 2023ல் வந்த 'ஜெயிலர்' படத்தில் மோகன்லாலும் சிவராஜ்குமாரும் வருவது கொஞ்ச நேரம். கதையில் அவர்களுக்குப் பெரிய வேலை எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் வந்து நின்றபோது அரங்கில் எழுந்த சத்தம்தான் எனக்கு அந்தப் படம். பிறகு வீட்டில் ஒருமுறை ஓடியபோது, அதே காட்சியில் நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படிப்பட்ட படத்துக்கு முதல் வாரக் கடைசியில் போங்கள், இல்லாவிட்டால் போகவே வேண்டாம். அதிலும் ஞாயிறு மாலைக் காட்சி தனி ரகம். விடுமுறை நாளில் கூட்டாளிகளோடு வரும் ஊழியர்கள் நிறைந்த அரங்கில் விசிலுக்குப் பஞ்சமே இருக்காது. மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை போனால் சீட்டு விலை சற்றுக் குறையலாம். பொருளும் கூடவே பாதியாகக் குறைந்திருக்கும்.

பயப்படுத்தும் படங்களும் அப்படித்தான், ஆனால் காரணம் வேறு. 2018ல் வந்த 'எ கொயட் பிளேஸ்' படத்தில் சத்தம் கேட்டால் பாய்ந்து வரும் ஜந்துக்கள். ஒரு குடும்பம் சைகையிலேயே பேசி வாழ்கிறது. அரங்கில் பாப்கார்ன் மெல்லக்கூட ஆள் இல்லை. வீட்டிலோ குளிர்சாதனப் பெட்டி முனகும், கீழ்த்தளத்தில் யாரோ நாற்காலியை இழுப்பார்கள், படம் அத்தோடு முடிந்தது. நம்மூர்ப் பேய்ச் சிரிப்புப் படங்களில், அதாவது 'காஞ்சனா' வகையில், பயம் எனக்கு வருவதே இல்லை. பக்கத்து வரிசைப் பிள்ளைகள் அலறுவதும், அலறிவிட்டுச் சிரிப்பதும்தான் அங்கே கொடுத்த காசுக்கு வரவு.

விண்வெளி, போர், சரித்திரம் என்றால் திரையின் அளவைப் பாருங்கள். 169 நிமிடம் ஓடும் 'இன்டர்ஸ்டெல்லர்' படத்தை லிடோ திரையரங்கின் ஐமேக்ஸ் (மிகப் பெரிய திரை) அரங்கு போன்ற இடத்தில் பார்ப்பதும் தொலைக்காட்சியில் பார்ப்பதும் இரண்டு வேறு படங்கள். அதன் பல காட்சிகள் ஐமேக்ஸ் கேமராவிலேயே எடுக்கப்பட்டவை. கதையில் எனக்குப் பாதி புரியவில்லை என்பது வேறு விஷயம்; ஆர்கன் இசை நெஞ்சுக்கூட்டில் அதிரும்போது புரிய வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அதற்காக ஐமேக்ஸ் என்ற பெயரைப் பார்த்தவுடன் கூடுதல் காசை நீட்டிவிடாதீர்கள். அந்தக் கேமராவில் எடுத்த படமா, எடுத்த பிறகு அந்த வடிவத்துக்கு மாற்றிய படமா என்று ஒரு நிமிடம் தேடிப் பாருங்கள். இந்தியப் படங்கள் பெரும்பாலும் இரண்டாம் வகை. 2022ல் வந்த 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் ஐமேக்ஸில் வெளியான முதல் தமிழ்ப் படம் என்ற பெருமையோடு வந்தது. நன்றாகவே இருந்தது, ஆனால் சாதாரண அரங்கில் பார்த்தவர்கள் பெரிதாக ஒன்றும் இழக்கவில்லை என்பது என் எண்ணம். கல்கியைப் படித்தவர்கள் படிக்காதவர்களுக்கு யார் யாருக்கு என்ன உறவு என்று கிசுகிசுத்துக்கொண்டே இருந்தார்கள். அந்த உதவி எல்லா அரங்கிலும் இலவசம்.

துப்பறியும் கதைகள், திருப்பம் உள்ள கதைகள் வீட்டில் எதையும் இழப்பதில்லை. 'பாபநாசம்' இன்றைக்கும் தொலைக்காட்சியில் இழுத்து உட்கார வைக்கிறது. இங்கே ஆபத்து ஒன்றுதான்: நீங்கள் பார்ப்பதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது முடிவைப் போட்டுவிடுவார்கள். அப்படி ஒரு சித்தப்பா உங்கள் வீட்டில் இருந்தால் தியேட்டர் செலவு நியாயமே.

'கைதி' (2019) கொஞ்சம் வித்தியாசமான கணக்கு. பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை, ஒரே இரவில் நடக்கும் கதை. படம் முழுக்க இருட்டு. மத்தியானம் மூன்று மணிக்கு வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில் திரைச்சீலை போடாமல் பார்த்தால் லாரி ஓட்டுவது யார் என்றே தெரியாது. இரவில் நடக்கும் படத்துக்கு இருட்டு அறை வேண்டும். தியேட்டருக்குப் போகாவிட்டால் விளக்கையாவது அணைத்துவிடுங்கள்.

காதல் படங்களுக்கு நான் பெரும்பாலும் காசு செலவழிப்பதில்லை. '96' 2018 அக்டோபரில் வெளியாகி, தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தத் தீபாவளிக்குத் தொலைக்காட்சியில் வந்துவிட்டது. தயாரிப்புத் தரப்பில் அதற்கு வருத்தம் இருந்தது. பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் படத்தைத் தனியாக, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்ப்பதே சுகம். நகைச்சுவை என்றால் மட்டும் கூட்டம் வேண்டும். 2012ல் வந்த 'ஆ பாய்ஸ் டு மென்' படத்துக்குப் போயிருந்தால் தெரிந்திருக்கும்: ஹொக்கியன் வசனம் பாதி புரியாத தமிழ்ப் பையன்கள்கூட தேசிய சேவை எனும் கட்டாய ராணுவப் பயிற்சி முகாம் காட்சிகளுக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆக, ஒவ்வொரு முறையும் 90 வெள்ளி கொடுத்து நான்கு படங்களுக்குப் போகாமல் இரண்டு படங்களுக்கு மட்டும் போங்கள்: ஒன்று கூட்டத்துக்காக, ஒன்று திரைக்காக. பாப்கார்னை ஒன்றாகக் குறைத்தாலே கணிசமாக மிஞ்சும்.

கேள்வி: விமர்சனங்களை நம்பலாமா? ஒருவர் 4 நட்சத்திரம் போடுகிறார், இன்னொருவர் ஒன்றரை. (உட்லண்ட்ஸ்)

பதில்: எண்ணைப் பார்க்குமுன் அது எதை எண்ணுகிறது என்று பாருங்கள். விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 90 விழுக்காடு என்றால் படத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் என்று பொருள் இல்லை. விமர்சகர்களில் பத்தில் ஒன்பது பேர் 'பரவாயில்லை' என்றோ அதற்கு மேலோ சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். எல்லாருக்கும் ஓரளவு பிடித்த, யாருக்கும் உயிராகப் பிடிக்காத படம்கூட அங்கே 90 வாங்கும். ஐஎம்டிபி தளத்தில் இருப்பது பார்வையாளர்கள் போட்ட மதிப்பெண்ணின் சராசரி. முதல் இரண்டு நாளில் ரசிகர்கள் பத்துக்குப் பத்து போடுவார்கள், எதிர் முகாம் ஒன்று போடும். ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

என் வழி இன்னும் எளிது. உங்களோடு எப்போதும் ஒத்துப்போகாத ஒரு விமர்சகரைத் தேடிப் பிடியுங்கள். அவருக்குப் பிடிக்காததெல்லாம் உங்களுக்குப் பிடிக்கிறது என்றால் அவரைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. எனக்கு அப்படி ஒருவர் வெகுநாளாக உதவி வருகிறார்.

இன்னொன்று. முதல் நாள் விமர்சனம் எழுதியவர் பார்த்த படமும் நீங்கள் பத்தாம் நாள் பார்க்கும் படமும் ஒன்றாகவே இருக்கும் என்ற உறுதி இப்போது இல்லை. 'மெய்யழகன்' 2024 செப்டம்பரில் வெளியான சில நாளில் சுமார் 18 நிமிடத்தைக் குறைத்தார்கள். முழுசாகப் பார்த்தவர்களில் சிலர் 'நீளம்' என்றார்கள், எனக்கு அந்த நீளம்தான் பிடித்திருந்தது.

கேள்வி: 14 வயது மகனோடு போனேன். படம் என்சி16 (16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை) என்று சொல்லி உள்ளே விடவில்லை. இந்தியாவில் அதே படத்துக்குப் பெற்றோருடன் பிள்ளைகள் போகிறார்கள். நான் கூட இருந்தும் மறுத்தது சரியா? பணம் திரும்பக் கிடைக்குமா? (செங்காங்)

பதில்: மறுத்தது சரிதான். இந்தியச் சான்றிதழ் இங்கே செல்லாது. தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் தனியாகத் தரப்படுத்துகிறது. ஜி, பிஜி, பிஜி13 ஆகிய மூன்றும் ஆலோசனை மட்டுமே. பிஜி13 படத்துக்குப் பத்து வயதுப் பிள்ளையையும் அழைத்துப் போகலாம், முடிவு உங்களுடையது. என்சி16, எம்18, ஆர்21 மூன்றும் அந்தந்த வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சட்டப்படியான தடை. அப்பா, அம்மா, தாத்தா யார் கூட வந்தாலும் மாறாது. கத்தி, ரத்தம் அதிகமுள்ள தமிழ் அதிரடிப் படங்கள் இங்கே என்சி16க்குப் போவது சகஜம். தரம் முன்பதிவுப் பக்கத்திலேயே போட்டிருப்பதால் பணம் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. காட்சி தொடங்குமுன் முகப்பில் பணிவாகக் கேட்டால் வேறு படத்துக்கு மாற்றித் தருவதும் உண்டு, அது அவர்கள் பெருந்தன்மை.

கேள்வி: படு மோசமான படம். இடைவேளைக்கு முன்பே எழுந்து வந்துவிட்டேன். பயனீட்டாளர் சங்கமான கேஸில் புகார் செய்யலாமா? (பிடோக்)

பதில்: செய்யலாம், பயன் இருக்காது. படம் பிடிக்கவில்லை என்பது சேவைக் குறைபாடு ஆகாது. விளம்பரத்தில் இருந்த நடிகர் படத்தில் மூன்று நிமிடம்தான் வந்தார் என்பதும் அப்படித்தான்.

ஆனால் ஒலி கேட்கவில்லை, ஆங்கில வசன வரிகள் வரும் என்று போட்டுவிட்டு வரவில்லை, குளிரூட்டி ஓடவில்லை, காட்சி பாதியில் நின்றது என்றால் நிலைமை வேறு. உடனே எழுந்து போய்ச் சொல்லுங்கள். படம் முழுவதும் பார்த்து முடித்துவிட்டுப் புகார் செய்தால் வழக்கு பலவீனம். அரங்கு நிர்வாகம் ஒத்துக்கொள்ளாவிட்டால் கேஸ், அதற்கும் மேலே சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டுவது 10 வெள்ளி. ஒரு 15 வெள்ளிச் சீட்டுக்காக அவ்வளவு தூரம் போவீர்களா என்பது உங்கள் கோபத்தின் அளவைப் பொறுத்தது.

கேள்வி: சினிமாப் பற்றுச்சீட்டுகளை மொத்தமாகத் தள்ளுபடியில் விற்கிறார்கள். வாங்கி வைத்துக்கொள்ளலாமா? (ஜூரோங்)

பதில்: இரண்டு மூன்று மாதத்தில் தீர்த்துவிடுவீர்கள் என்றால் வாங்குங்கள். வருடக் கணக்கில் வைத்திருக்க வேண்டாம். 2025ல் 'தி புரொஜெக்டர்', கேத்தே சினிபிளெக்ஸ் ஆகிய இரண்டு திரையரங்கு நிறுவனங்களும் அடுத்தடுத்து மூடின. ஒரு நிறுவனம் கலைக்கப்படும்போது பற்றுச்சீட்டு வைத்திருப்பவர் பிணையில்லாமல் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் கடைசிப் பக்கம்தான் நிற்பார். கலைப்பாளரிடம் கடன் சான்று தாக்கல் செய்யலாம். கடன்பற்று அட்டையில் வாங்கியிருந்தால் பணத்தைத் திருப்பி எடுக்க வழியுண்டா என்று வங்கியிடம் கேட்கலாம். ரொக்கத்தில் வாங்கியவர்களுக்கு அந்த வழியும் இல்லை.

வாங்குமுன் சிறிய எழுத்தைப் படியுங்கள். புதிதாக வெளியாகும் இந்தியப் படங்களுக்குப் பற்றுச்சீட்டும் சலுகையும் செல்லாது என்று ஒரு வரி பெரும்பாலும் எங்காவது இருக்கும். உங்கள் வீட்டில் தமிழ்ப் படம் மட்டும்தான் பார்ப்பார்கள் என்றால் அந்தத் தள்ளுபடி உங்களுக்கு இல்லை. 55 வயது கடந்தவர்களுக்கு வாரநாள் பகல் காட்சிகளில் உள்ள மூத்தோர் சலுகையையும் இதே காரணத்துக்காக முகப்பில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: முன்பதிவு செய்யும்போது கடைசித் திரையில் கட்டணம் ஏறிவிடுகிறது. இது முறையா? (தெம்பனிஸ்)

பதில்: தவிர்க்க முடியாத கட்டணத்தை முன்கூட்டியே காட்ட வேண்டும் என்று போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையத்தின் விலை வெளிப்படைத்தன்மை வழிகாட்டி சொல்கிறது. 2020 நவம்பரிலிருந்து நடப்பில் உள்ளது. 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் காட்டும் விலைக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும். இணைய முன்பதிவுக் கட்டணம் முகப்பில் நேராக வாங்கினால் இல்லை என்பதால் அதைத் தவிர்க்கக்கூடியது என்று வாதிடுவார்கள். கூட்டமில்லாத படத்துக்கு நேரில் போய் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: ஜொகூர் பாருவில் பார்த்தால் மலிவுதானே? (மார்சிலிங்)

பதில்: சீட்டு மலிவு. ஷாப்பிங், சாப்பாடு என்று எப்படியும் போகிறீர்கள் என்றால் படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படத்துக்காக மட்டும் பாலம் தாண்டுவது எனக்குக் கட்டுப்படியாகவில்லை. இரண்டு விஷயம் கவனியுங்கள். மலேசியத் தணிக்கை வேறு என்பதால் இங்கே இருக்கும் காட்சி அங்கே இல்லாமல் போகலாம். தமிழ்ப் படத்துக்கு அடியில் ஓடும் வரிகள் அங்கே பெரும்பாலும் மலாயில். ஆங்கில வரிகளை நம்பித் தமிழ்ப் படம் பார்க்கும் உங்கள் வீட்டு இளசுகள் தவித்துப் போவார்கள். காரில் கிளம்பினால் பெட்ரோல் தொட்டி முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சோதனைச் சாவடியிலிருந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக் காட்சிக்குச் சீட்டு எடுத்துவிட்டு ஐந்து மணிக்குக் கிளம்புவதாக இருந்தால் அந்தப் பணத்தை மறந்துவிடுங்கள்.