ரெயின்கோட் போட்டும் உள்சட்டை நனைகிறதா?

ரெயின்கோட்டை விடுங்கள், முதலில் உள்ளே போடும் காட்டன் பனியனை மாற்றுங்கள். ஊட்டி மழையில் கொஞ்ச நேரம் விளையாடினாலே நாலு வயது மகன் முதுகு நனைந்து நடுங்குகிறான் என்கிறீர்கள். அது பெரும்பாலும் மழைத்தண்ணீர் இல்லை, வியர்வை. பிளாஸ்டிக் கோட்டுக்குள் காற்றுப் போக வழியில்லை. காட்டன் அந்த ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஓட்டம் நின்றதும் உடம்பு சில்லிட்டுவிடும்.

வீட்டுக்கு வந்ததும் பனியனைக் கழற்றிப் பாருங்கள். முதுகும் அக்குளும் மட்டும் ஈரம் என்றால் வியர்வை. தோள் தையலோரம் நனைந்திருந்தால் கோட் ஒழுகுகிறது, தையலை அடைக்க வேண்டும் அல்லது புதுசு வாங்க வேண்டும்.

சரி, என்ன போடுவது? மெல்லிய கம்பளி அல்லது பாலியஸ்டர் உள்சட்டை, மேலே ஒரு ஃப்ளீஸ் (மெத்தென்ற, கதகதப்பான செயற்கைத் துணிச் சட்டை), அதற்கு மேல் கோட். இரண்டு ஸ்வெட்டரைத் திணித்தால் பிள்ளை கையைத் தூக்கவே முடியாது. அப்புறம், மழைப் பேன்ட்டைப் பூட்ஸுக்கு வெளியே விடுங்கள். உள்ளே செருகினால் தண்ணீர் நேரே சாக்ஸுக்குத்தான் போகும்.

பிள்ளைக்குக் குளிர்கிறதா என்பதைக் கை சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், பின்கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈர உடையை மாற்றிய பிறகும் நடுக்கம் நிற்காமல் பிள்ளை சோர்ந்து போனால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். சறுக்குமரம் ஏறும்போது மஃப்ளர் வேண்டாம், எங்காவது மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடும்.