கைப்பையில் துண்டுப்பிரசுரம் இருக்கக் கூடாத பெண்ணுக்கு உதவித் தொலைபேசி எண்ணை எப்படிச் சேர்ப்பது?

கேள்வி: சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் எங்கள் வசிப்போர் குழுவின் தமிழ்ப் பெண்கள் சேர்ந்து குடும்ப வன்முறை குறித்து விழிப்புணர்வு நிகழ்ச்சி ஒன்றை நடத்தினோம். மின்தூக்கிக்கு அருகில் சுவரொட்டி ஒட்டியும், வந்தவர்கள் பெரும்பாலும் தொண்டூழியர்களே. உதவி தேவைப்படுவோரை எப்படிச் சென்றடைவது?

பதில்: அவர்கள் வராததற்கு ஆர்வமின்மை காரணமன்று. ‘குடும்ப வன்முறை’ என்று எழுதிய அறைக்குள் ஒரு பெண் நுழைவதை அதே புளோக்கில் இருப்பவர் பார்த்துவிட்டால், மாலைக்குள் செய்தி வீட்டுக்குப் போய்விடும். எனவே அடுத்த முறை பெண்களின் உடல்நலம், சட்ட உரிமைகள், பண நிர்வாகம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரே நிகழ்ச்சியாக அறிவித்து, இதை அதன் ஒரு பகுதியாக வையுங்கள். துண்டுப்பிரசுரம் வேண்டாம், கைப்பையில் அது அகப்பட்டாலே வீட்டில் ஆபத்து. 24 மணி நேரமும் இயங்கும் தேசிய உதவி எண் 1800-777-0000-ஐப் பெண்கள் கழிவறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டினால், அங்கே அவர் தனியாக நின்று படித்து மனத்தில் பதித்துக்கொள்ளலாம்.

உரையில் அடி, உதையை மட்டும் பேசாதீர்கள். 2023-இல் நிறைவேறி, 2025 ஜனவரி 2 முதல் நடப்பிலுள்ள சட்டத் திருத்தம், மனரீதியான கொடுமையையும் கட்டுப்படுத்தி ஒடுக்கும் நடத்தையையும் குடும்ப வன்முறையில் தெளிவாகச் சேர்த்திருக்கிறது. 18 வயது நிரம்பியவர் தாமே தமக்காக நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கோரலாம் என்றும் மாற்றியிருக்கிறது. வங்கி அட்டையைப் பிடுங்கி வைப்பது, ஊரிலுள்ள அம்மாவுடன் பேச விடாதது, கைப்பேசியைத் தினமும் சோதிப்பது போன்றவற்றை நம் வீடுகளின் நடப்பாகவே எடுத்துச் சொல்லுங்கள். பாதுகாப்பு ஆணை பெறுவதற்கு விவாகரத்துச் செய்ய வேண்டியதில்லை என்பதையும் அழுத்திக் கூறுங்கள். குடும்பம் பிரிந்துவிடுமே என்ற பயத்தில்தான் பலர் வாயைத் திறப்பதில்லை.

சுவரொட்டியைவிட முக்கியமானது தொண்டூழியர்களின் தயார்நிலை என்பேன். கூட்டம் கலைந்தபின் ஒருவர் தயங்கி வந்து, “அவர் அடிக்கமாட்டார் அக்கா, ஆனா என் பாஸ்போர்ட் அவர்கிட்டதான் இருக்கு” என்று சொல்லக்கூடும். “கொஞ்சம் பொறுத்துப் போம்மா” என்ற அறிவுரை அந்தக் கணமே அவர் வாயை அடைத்துவிடும். கணவரிடம் நல்லவிதமாகப் பேசிப் பார்க்கிறோம் என்று தொண்டூழியரோ கோயில் பெரியவரோ கிளம்புவது அதைவிட ஆபத்தானது, ஏனெனில் மனைவி வெளியில் சொல்லிவிட்டார் என்பது தெரிந்தபின் அன்றிரவு கணவருடன் அதே வீட்டில் இருக்கப்போவது அந்தப் பெண்தான். அவர் சொல்வதை நம்புங்கள். இன்றிரவு வீடு திரும்புவது பாதுகாப்பா என்று மட்டும் கேளுங்கள். உடனடி ஆபத்து என்றால் காவல்துறைக்கு 999. பேச முடியாத நிலையில் 70999-க்குக் குறுஞ்செய்தி. மற்றபடி உதவி எண்ணையோ, பேவ் (PAVE) போன்ற குடும்ப வன்முறைச் சிறப்பு நிலையத்தின் சமூக ஊழியரையோ தொடர்புகொள்ளச் செய்யுங்கள். நீண்டகால வருகை அனுமதியில் இருப்பவர்கள் அனுமதி குறித்த கவலையையும் அந்தச் சமூக ஊழியரிடம் கேட்டுத் தெளியலாம்.

அழைப்பை அவருடைய கைப்பேசியிலிருந்து செய்ய வேண்டாம், பதிவு கணவர் கண்ணில் படக்கூடும். அவர் சம்மதித்தால் தொண்டூழியரின் கைப்பேசியில், தனி அறையில் அழைத்துக் கொடுங்கள்; அதற்காக அறையை நிகழ்ச்சி முடிந்தபின் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பதிவுசெய்து வையுங்கள்.