மண்பாண்டம் வனையத் தெரிந்தவருக்குப் பீங்கான் தொழிற்சாலையில் என்ன வேலை இருக்கும்?

பரம்பரையாக மண்பாண்டம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்றும், சக்கரத்தில் நன்றாக வனைவேன் என்றும் சொல்லி, பீங்கான் தொழிற்சாலையில் அந்தத் திறமைக்கு மதிப்பு இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அத்தகைய குடும்பத்திலிருந்து வந்தவன். விருத்தாசலத்தில் கோப்பைகளும் பொம்மைகளும் செய்யும் ஒரு சிறு தொழிற்கூடத்தின் வார்ப்புப் பிரிவில் வேலை செய்கிறேன்.

முதலில் ஏமாற்றம் தரும் பதிலைச் சொல்லிவிடுகிறேன். சக்கரத்தில் வனையும் வேலை இங்கே அநேகமாக இல்லை. தட்டும் கிண்ணமும், சுழலும் அச்சின் மேல் மண்ணைத் தகட்டால் அழுத்தி வடிவமைக்கும் ஜிக்கர் இயந்திரத்தில் உருவாகின்றன. மின்சாரத்துக்கான ஃபியூஸ் கட்டைகள் அச்சில் அழுத்தப்படுகின்றன. கைப்பிடியுள்ள கோப்பை, பொம்மை போன்றவற்றை, மண்கூழை அச்சில் ஊற்றி வார்க்கிறோம். களிமண்ணோடு குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமங்களையும் சேர்த்து, உருளும் குண்டுகளால் அரைக்கும் பால் மில் (ball mill) இயந்திரத்தில் பல மணி நேரம் அரைத்துக் கிடைக்கும் அந்தக் கூழை ஸ்லிப் என்போம். ஒரு லிட்டர் ஸ்லிப் ஏறத்தாழ 1.7 முதல் 1.8 கிலோ எடை இருக்க வேண்டும். அவ்வளவு கெட்டியான கூழ் தண்ணீரைப் போல ஓடுவதற்குக் காரணம், அதில் மிகச் சிறிதளவு சேர்க்கப்படும் சோடியம் சிலிகேட். அதைச் சேர்க்காமல் தண்ணீரை ஊற்றியே இளக்கினால், அச்சு நனைந்து ஊறிவிடும், பொருளும் காயும்போது கூடுதலாகச் சுருங்கி வெடிக்கும்.

பிளாஸ்டர் அச்சு ஸ்லிப்பிலுள்ள நீரை உறிஞ்ச, அச்சின் உட்சுவரில் மண் படிந்து தடிக்கிறது. இதில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 10 நிமிடத்தில் 3 மில்லிமீட்டர் படிந்தால் 20 நிமிடத்தில் 6 மில்லிமீட்டர் படியும் என்று கணக்கிடுவார்கள். ஆனால் படிந்த மண்ணே நீர் செல்லும் வழியை அடைத்துக்கொண்டு வருவதால், இரட்டிப்புத் தடிமனுக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம், அதாவது 40 நிமிடம், பிடிக்கும். அச்சு முன்பே ஈரமாக இருந்தால் அந்தக் கணக்கும் மாறிவிடும். ஆகவே மழைக்காலத்தில் கடிகாரத்தை நம்பி வார்ப்பதில்லை.

இப்படிக் கடிகாரத்தைவிடக் கைப்பதத்தை நம்பும் வேலையில்தான் உங்கள் திறமை பயன்படும். பானையைச் சக்கரத்திலிருந்து அறுத்தெடுத்து, அடிப்பகுதி திறந்திருக்கும் நிலையில் சற்றே உலரவிட்டு, உள்ளே கல்லும் வெளியே தட்டுப்பலகையுமாகத் தட்டி மூடுகிறோம் அல்லவா? எப்போது தட்டினால் மண் நீளும், எப்போது தட்டினால் விரிசல் விடும் என்பதை விரல் அறிந்திருக்கும். கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டுவதற்கு அதே பதம்தான் தேவை. கோப்பையும் கைப்பிடியும் ஒரே அளவு ஈரத்தில் இருந்தால் மட்டுமே இரண்டும் ஒன்றாகச் சுருங்கும். இல்லையென்றால் ஒட்டிய இடத்தில் மயிரிழை போன்ற விரிசல் விழும். டிப்ளமோ முடித்து வரும் இளைஞர்கள் சூத்திரங்களை என்னைவிட நன்றாக அறிவார்கள், ஆனால் இந்தப் பதத்துக்கு மட்டும் மண்பாண்டக் குடும்பத்தாரின் கையை எதிர்பார்த்து நிற்பார்கள். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பேரம் பேசும்போது உங்களுக்கு உதவும் என்பதற்காகவே சொல்கிறேன்.

புதிதாகக் கற்க வேண்டியவையும் உண்டு. நாட்டு மண் பல குறைகளைப் பொறுத்துக்கொள்ளும். இந்த மண் பொறுக்காது. ஈரக் கோப்பையின் விளிம்பு நசுங்கி, அதைக் கையால் வட்டமாக்கி வைத்தாலும், சூளையில் வெந்து வரும்போது மறுபடியும் கோணலாகவே வரும். அச்சின் இரு பாகங்களும் சேரும் இடத்தில் எழும் பிசிறைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் தேய்த்துக் கண்ணுக்கே தெரியாதபடி செய்த பின்பும், கிளேஸ் என்னும் கண்ணாடி போன்ற மேற்பூச்சின் அடியில் அந்தக் கோடு தலைகாட்டுவது உண்டு. ஊர்ச் சூளையின் வெப்பம் பெரும்பாலும் 900 டிகிரியைத் தாண்டாது. இங்கே 1200 டிகிரியைத் தொடுவதும் தாண்டுவதும் வழக்கம். எனவே அங்கே மறைந்துபோகும் பிழைகள் எல்லாம் இங்கே வெளியே வந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஈர மண்ணால் ஆபத்தில்லை. காய்ந்த தூசிதான் ஆபத்து. குவார்ட்ஸ் கலந்த அந்த நுண்தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரக்கூடும். வந்தால் குணப்படுத்த வழியில்லை. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே, அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களுள் ஒன்றாக இதைப் பட்டியலிட்டது. தரையைத் துடைப்பத்தால் பெருக்குகிறார்களா, ஈரத்தால் துடைக்கிறார்களா என்று போன அன்றே பாருங்கள். காய்ந்த பொருளை உப்புத்தாளால் தேய்க்கும் வேலையைக் கொடுத்தால், அதற்கேற்ற முகக்கவசத்தைக் கேட்டு வாங்குங்கள். முகத்தில் கட்டும் துண்டு இந்தத் தூசியைத் தடுக்காது.

கூலியைப் பற்றிப் பேசும்போது, எண்ணிக்கைக்குக் கூலியா நாட்கூலியா என்பதோடு நின்றுவிடாதீர்கள். எண்ணிக்கைக் கூலி என்றால், வார்த்த பொருளை எண்ணுவார்களா, சூளையிலிருந்து பழுதின்றி வந்ததை மட்டும் எண்ணுவார்களா என்பதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டு சேருங்கள். சூளையை ஏற்றுபவரின் தவறால் வெடித்த கோப்பைக்கும் வார்த்தவரின் கூலியில் கைவைக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள்.