லேசர்ஆக்டிவ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பயோனியர் நிறுவனம் 1993-ல் விட்ட லேசர்ஆக்டிவ் கேம் கன்சோலை ஆவணப்படுத்துவது பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தோம். அதைப் பார்த்து வந்த கடிதங்களில் வேலைக்கு ஆகிற கேள்விகளை மட்டும் இங்கே எடுத்திருக்கிறோம்.

லேசர்டிஸ்க் என்றால் சினிமா பார்க்கத்தானுங்களே? அதில் கேம் எப்படி ஓடும்?
– வாசகர், கோபி

லேசர்ஆக்டிவின் அடிப்படைப் பெட்டி சி.எல்.டி.-ஏ100. 1993 ஆகஸ்டில் ஜப்பானில் 89,800 யென்னுக்கும், செப்டம்பரில் அமெரிக்காவில் 970 டாலருக்கும் வந்தது. அந்தப் பெட்டி மட்டும் இருந்தால் எல்.டி. என்கிற லேசர்டிஸ்க்கும் சி.டி.யும் ஓடும், அவ்வளவுதான். கேம் விளையாட 'பேக்' என்கிற தனிப்பெட்டியை முன்பக்கப் பொந்தில் செருக வேண்டும். செகா பேக் போட்டால் அதற்கென்றே வந்த மெகா எல்.டி. டிஸ்க் கேம்களோடு, செகாவின் மெகா டிரைவ் கன்சோல் கார்ட்ரிட்ஜும் மெகா சி.டி.யும் ஓடும். என்.இ.சி. பேக் போட்டால் அதற்கான எல்.டி.-ராம்² டிஸ்க் கேம்களும், ஹியூகார்டு என்கிற அட்டை வடிவ கேம்களும் ஓடும். ஒன்றுக்கான டிஸ்க் மற்றதில் ஓடாது.

டிஸ்க்கில் படம் அனலாக். டிஜிட்டல் ஆடியோ இருக்க வேண்டிய இடத்தில் புரோகிராமும் டேட்டாவும் எழுதியிருப்பார்கள், 540 எம்.பி. வரை. எல்.டி. படம் பின்னணியாக ஓட, அதன் மேல் பேக்கில் இருக்கும் சிப் கப்பலையும் குண்டையும் வரையும். 'பிரமிட் பேட்ரோல்' மாதிரி சுடும் கேம்களெல்லாம் இந்த வகைதான். வாங்கும் முன் உறையில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். பி.இ.ஏ.எஸ். என்று தொடங்கினால் செகா, பி.இ.ஏ.என். என்றால் என்.இ.சி. அடுத்த எழுத்து ஜே என்றால் ஜப்பான், யூ என்றால் அமெரிக்கா.

ஜப்பான் செட் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. கடையில் விற்கும் 110 வோல்ட் ஸ்டெப்டவுன் போதுமா?
– வாசகர், பல்லடம்

போதாது. சொல்லப்போனால் அது கூடுதல். ஜப்பான் செட்டுக்கு 100 வோல்ட்தான் வேண்டும். 230-ஐ 110 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மரில், தறி நின்ற ராத்திரியில் லைன் 250-க்கு ஏறினால் வெளியே கிட்டத்தட்ட 120 வரும். பவர் சப்ளை ரெகுலேட்டர் அந்தச் சூட்டை எத்தனை நாள் தாங்கும்? அமெரிக்க செட் 120 வோல்ட், அதற்கு 110 பரவாயில்லை.

நம் பக்கம் மோட்டார் வைண்டிங் கடைக்குப் பஞ்சமில்லை. டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகிறவராகப் பார்த்து 230-க்கு 100, இரண்டு சுற்றும் தனித்தனி என்று சொல்லிச் சுற்றச் சொல்லுங்கள். ஒரே சுற்றை இரண்டுக்கும் பயன்படுத்தும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். செட்டின் பின் லேபிளில் போட்டிருக்கும் வாட்ஸைப் போல இரண்டு மடங்கு திறன் இருக்கட்டும். பயணத்துக்கு விற்கும் சின்ன எலெக்ட்ரானிக் கன்வெர்ட்டரைக் கிட்டவே கொண்டுவராதீர்கள், அது அலையை வெட்டிக் கொடுக்கும். நம் 50 ஹெர்ட்ஸ் பற்றிக் கவலை வேண்டாம், டோக்கியோவிலும் 50-தான். டிஸ்க் சுற்றும் வேகத்தை செட்டே கணக்கிட்டுக்கொள்கிறது.

இன்னொன்று, உங்கள் ஊருக்கே உரியது: பஞ்சுத் தூசி. மூடியைக் கழற்றிய செட்டை ஒரு ராத்திரி அப்படியே விட்டால் லென்ஸ் மேல் பஞ்சு படிந்து படம் பொரியும்.

ட்ரே வெளியே வருவதில்லை. செகா பேக்கில் சத்தம் ரொம்பக் கம்மியாக வருகிறது, லேசாக மீன் வாடை அடிக்கிறது.
– வாசகர், பொள்ளாச்சி

இரண்டும் வேறு வேறு நோய். ட்ரே வராததற்குப் பெரும்பாலும் ரப்பர் பெல்ட்தான் காரணம், தளர்ந்திருக்கும் அல்லது பிசினாகியிருக்கும். பழையதன் சுற்றளவையும் குறுக்களவையும் எடுத்து, சுற்றளவு ஒரு ஐந்து சதவீதம் குறைவான பெல்ட் போடுங்கள். புல்லியில் ஒட்டிய கறுப்பை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைக்காமல் புது பெல்ட் போட்டால் அதுவும் வழுக்கும்.

வாடைதான் ஆபத்து. பேக்குக்குள் இருக்கும் குட்டி சர்ஃபேஸ் மவுண்ட் எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் கசிகின்றன. கசியும் திரவம் போர்டின் செம்பை அரிக்கும். ஓடுகிறதே என்று விடாமல், ஓடும்போதே அத்தனையையும் மாற்றிவிட வேண்டும். கட்டிங் பிளேயரால் திருகிப் பிடுங்கினால் போர்டில் அது ஒட்டியிருக்கும் செம்புப் பேடும் கூடவே வரும், அதனால் ஹாட் ஏர் வைத்திருக்கும் மொபைல் சர்வீஸ்காரரிடம் கொடுங்கள். மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அல்லது கூடுதல், 105 டிகிரி ரகம். தலையில் கறுப்புப் பட்டை உள்ள பக்கம் நெகட்டிவ். கழற்றும் முன் ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று போட்டோ எடுத்துவையுங்கள்.

கேம் விளையாடுவதை கேப்சர் கார்டில் பதிவு செய்து வைத்தால் ஆவணம் ஆகிவிடாதா?
– வாசகர், பீளமேடு, கோவை

ஆகாது. நீங்கள் போன வழி மட்டும்தான் பதிவாகும். தோற்றால் வரும் காட்சி, எடுக்காத கிளை, டிஸ்க்கில் இருக்கும் புரோகிராம் எதுவும் வராது. கேப்சர் கார்டு படத்துக்கு மேலே ஒளிந்திருக்கும் வரிகளையும் தள்ளிவிடும். அந்த 16, 17, 18-ஆம் வரிகளில்தான் ஒவ்வொரு ஃபிரேமின் எண்ணும் இருக்கிறது. புரோகிராம் 'இந்த எண்ணுள்ள ஃபிரேமுக்குப் போ' என்றுதான் கேட்கும். ஒரு ஃபிரேம் விட்டுப்போனால் அதற்கப்புறம் எல்லாமே நகர்ந்துவிடும், குண்டு பட்டதும் வர வேண்டிய காட்சிக்குப் பதில் வேறு ஏதோ வரும்.

சரியான வழி, லேசர் படிக்கும் ஆர்.எஃப். சிக்னலையே, அதாவது இன்னும் படமாக மாறாத மூல அலையையே, அப்படியே பிடிப்பது. அதற்கு டோம்ஸ்டே டூப்ளிகேட்டர் என்கிற திறந்த வடிவமைப்பு போர்டு இருக்கிறது. பி.பி.சி.யின் 1986 டோம்ஸ்டே டிஸ்க்குகளைக் காப்பாற்ற உருவாக்கியது. நொடிக்கு 4 கோடி மாதிரி, ஒவ்வொன்றும் 10 பிட். நெருக்கி அடுக்கினால் நொடிக்கு 50 எம்.பி. ஒரே வேகத்தில் சுற்றி, ஒரு பக்கம் 30 நிமிடம் ஓடும் சி.ஏ.வி. டிஸ்க்குக்கு 90 ஜி.பி., விளிம்புக்குப் போகப் போக மெதுவாகச் சுற்றும் ஒரு மணி நேர சி.எல்.வி. டிஸ்க்குக்கு 180 ஜி.பி. யு.எஸ்.பி. 3.0-வும் எஸ்.எஸ்.டி.யும் கட்டாயம். பழைய ஹார்ட் டிஸ்க் நடுவில் மூச்சுத் திணறினால் மாதிரிகள் விழுந்துவிடும், அந்தப் பதிவு வீண்.

கேம் டிஸ்க்கைப் பிடிக்க லேசர்ஆக்டிவ்தான் வேண்டும் என்பதில்லை. நன்றாக ஓடும் எந்த என்.டி.எஸ்.சி. (ஜப்பான், அமெரிக்க டி.வி. முறை) எல்.டி. ப்ளேயரும் போதும். பயோனியர் எல்.டி.-வி4300டி-ஐப் பலரும் இதற்கு வைத்திருக்கிறார்கள். அரிய செட்டில் சால்டரிங் அயர்ன் வைப்பதைவிட அதுவே புத்திசாலித்தனம்.

சர்வீஸ் மேனுவலில் ஆர்.எஃப். டெஸ்ட் பாயிண்ட் எது என்று பார்த்து, மெல்லிய கோ-ஆக்ஸ் வயரைச் சால்டர் செய்து பின்பக்கம் பி.என்.சி. என்கிற கோ-ஆக்ஸ் சாக்கெட்டுக்குக் கொண்டுவாருங்கள். கிரவுண்டை அந்தப் பாயிண்டுக்குப் பக்கத்திலேயே எடுக்க வேண்டும். வயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. அரை மணி நேரம் வேறு டிஸ்க்கை ஓட்டிச் செட்டைச் சூடாக்குங்கள். பிறகு கேம் டிஸ்க்கைப் போட்டு, *முதலில்* பதிவைத் தொடங்கி, *அப்புறம்* ப்ளே அழுத்துங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். டிஜிட்டல் டிராக்குகளின் பட்டியல் டிஸ்க் தொடக்கத்து லீட்-இன்னில், அதாவது படத்துக்கு முந்தைய பகுதியில், இருக்கிறது. படம் வந்த பிறகு தொடங்கினால் அது போச்சு. கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு, அதிகம் வைத்தால் அலையின் தலை வெட்டுப்படும், குறைத்தால் இரைச்சல் ஏறும். டிஸ்க்கின் உள்விளிம்பிலும் வெளிவிளிம்பிலும் இரண்டு நிமிடம் சோதனைப் பதிவு எடுத்துப் பார்த்து, கெயினை இரண்டுக்கும் இடையில் வையுங்கள்.

சி.ஏ.வி. டிஸ்க்கில் சில ஃபிரேம்களில் 'இங்கே நில்' என்ற குறியீடு இருக்கலாம். ப்ளேயர் நின்றுவிட்டால் பயப்படாதீர்கள். ப்ளேயை மறுபடி அழுத்துங்கள், பதிவை நிறுத்தாதீர்கள். திரும்பத் திரும்ப வந்த ஃபிரேம்களை ஆர்.எஃப். பதிவைப் படமாக்கும் எல்.டி.-டீகோட் மென்பொருள் தொகுப்பில் இருக்கும் எல்.டி.-டிஸ்க்மேப் பிற்பாடு கழித்துவிடும். முழுப் பக்கமும் முடிந்ததும் செக்சம் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) எடுத்து, இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். டிஸ்க்கைத் திருப்பிப் போட மறந்துவிடாதீர்கள்.

படத்தில் கலர் புள்ளிகள் பனி மாதிரி கொட்டுகின்றன. கழுவினால் போகுமா?
– வாசகர், கரூர்

தூசியா அழுகலா என்று முதலில் தெரிய வேண்டும். ஈரப் பஞ்சால் மையத்திலிருந்து விளிம்புக்கு நேர்க்கோட்டில் துடையுங்கள். தின்னர், அசிட்டோன் படவே கூடாது, டிஸ்க் அக்ரிலிக், வெளுத்துவிடும். துடைத்தும் புள்ளி அதே இடங்களில் வந்தால் அது லேசர் ராட். ஒட்டிய இரண்டு பாதிகளுக்கு நடுவே அலுமினியம் ஆக்சிஜன் பட்டு மக்குகிறது. திருத்த வழியே கிடையாது, நாளாக ஆக மோசமாகும். உடனே ஆர்.எஃப். பிடியுங்கள். அதே கேமின் வேறு பிரதிகள் கிடைத்தால் இன்னும் நல்லது. மூன்று பிரதிகளின் பதிவை எல்.டி.-டிஸ்க்-ஸ்டேக்கரில் (அதே தொகுப்பில் உள்ளது) அடுக்கினால் ஒன்றில் ஓட்டையாக இருப்பதை மற்றவை நிரப்பும்.

உறையை ஏ3 ஸ்கேனரில் வைத்தால் ஓரம் வெட்டுகிறதே?
– வாசகர், ஈரோடு

வெட்டத்தான் செய்யும். ஏ3-யின் அகலம் 29.7 செ.மீ., உறை 31 செ.மீ.க்கும் மேல். இரண்டு முறை, நடுவே நாலு விரல் அளவு மேலடுக்காக ஸ்கேன் செய்து ஒட்டுங்கள். 600 டி.பி.ஐ., டிஃப் கோப்பு. ஸ்கேனரின் தானியங்கி நிறத் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். டிஸ்க்கின் உள்வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். ஒரே உறைக்குள் வேறு அச்சு இருந்தால் காட்டிக்கொடுப்பது அதுதான்.

பிடித்து வைத்த கேமை விளையாட முடியுமா?
– வாசகர், திருச்செங்கோடு

மெகா எல்.டி. என்றால் முடியும். பழைய கன்சோல்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் ஏரஸ் எமுலேட்டர் 2025-ல் அதைச் சேர்த்தது.

லேசர்டிஸ்க் கன்சோல் இது ஒன்றுதானா?
– வாசகர், தாராபுரம்

இல்லை. இதற்கு முன்பே, 'டிராகன்ஸ் லேர்' ஆர்கேட் கேமின் பின்னால் இருந்த ரிக் டையரின் ஆர்.டி.ஐ. நிறுவனம் 1985-ல் ஹால்சியன் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வாயால் சொன்னால் கேட்கும் என்பது அதன் விளம்பரம். விலை சுமார் 2,500 டாலர். முடிந்த கேம்கள் இரண்டே இரண்டு: 'தேயர்ஸ் குவெஸ்ட்', 'என்.எஃப்.எல். ஃபுட்பால்'. நிறுவனம் திவாலானது. எங்காவது ஒரு ஹால்சியன் கண்ணில் பட்டால், பிளக்கைச் செருகும் முன் எங்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள்.